முதல் ஓட்டு, முதல் ரிசல்ட்: சில குறிப்புகள்

2024 ஏப்ரல் 19. மதுரையில் மக்களவைத் தேர்தல் ஓட்டுப்பதிவு; அன்றே மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். 23-ம் தேதி அழகர் ஆற்றில் இறங்கும்போது, வைகைக்குள் நின்ற பிள்ளைகளின் விரல்களில் மை அழியவில்லை. நாடு முழுக்க ஏழு கட்டம் முடிந்து எண்ணிக்கை ஜூன் 4-ல்தான். இடையில் 46 நாள். முதல் ஓட்டுப் போட்டவருக்கு இது ரொம்ப நீளமான காத்திருப்பு. ஜூன் 1 சாயங்காலம் டிவி கணிப்புகள் பலவும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றதும், ஒரு சாரார் அன்றே ஜெயித்துவிட்டார்கள், மறு சாரார் அன்றே தோற்றுவிட்டார்கள். மூன்றாம் நாள் இரு சாரார் கணக்கும் தப்பியது.

*

பாஜக 240. அதன் கூட்டணி 293. இந்தியா கூட்டணி 234. தமிழ்நாட்டின் 39 இடமும் திமுக கூட்டணிக்கு. மதுரையில் சு. வெங்கடேசன் இரண்டு லட்சத்துக்கும் கூடுதலான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஊரில் ஜெயித்த அணிக்கு டெல்லியில் ஆட்சி இல்லை. டெல்லியில் ஆட்சி அமைத்த பாஜகவுக்கு இங்கே ஒரு இடமும் இல்லை. வெடி போட்டவன் முகத்திலும் முழுச் சிரிப்பில்லை.

நாம் தமிழர் கட்சிக்கு 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு. இடம் ஒன்றுமில்லை, மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு ஓட்டுப் போட்ட பையன்களிடம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: “ஓட்டை வீணாக்கிட்டியேடா.” எனக்குப் பிடிக்காத பேச்சு. பிடித்த சின்னத்தில் போட்ட ஓட்டு எப்படி வீணாகும்?

*

திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் மதுரை மாவட்டம்தான். எம்.பி. தொகுதி மட்டும் விருதுநகர். மாணிக்கம் தாகூர் 4,379 வாக்கில் ஜெயித்தார்; தோற்றவர் விஜய பிரபாகரன். அவர் அப்பா ‘கேப்டன்’ விஜயகாந்த் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ‘கேப்டனுக்காக’ என்று முரசு சின்னத்தில் குத்திய இளசுகளுக்கு அது தேர்தல் தோல்வியோடு நிற்கவில்லை. துக்கம் கேட்கப் போன வீட்டில் எப்படிப் பேசுவோமோ, அப்படித்தான் அவர்களிடம் பேச வேண்டியிருந்தது.

*

பலரும் மறந்துவிட்ட விஷயம். ஜூன் 14-ல் வரவேண்டிய, மருத்துவப் படிப்புக்கான நீட் ரிசல்ட், அதே ஜூன் 4 அன்று வந்துவிட்டது. 67 பேருக்கு 720-க்கு 720. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கும் இடம் கிடைக்குமா என்ற பயம். தேர்வு எழுதியவர்களில் முதல் ஓட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். ஒரே நாளில் நாட்டின் ரிசல்ட், தன் ரிசல்ட். எந்த அழுகை எதற்கு என்று யார் பிரித்துச் சொல்வது?

பிரிக்கவும் தேவையில்லை. மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-ல் சேர்ந்த அதன் முதல் மாணவர் அணி ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படித்தது. இங்கே பரீட்சையும் அரசியலும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

*

வாடிப்போன பிள்ளைகள் எப்படித் தேறினார்கள்? மனதைத் திருப்ப அடுத்தடுத்து ஏதாவது வந்தது. ஜூன் 5 இந்தியா - அயர்லாந்து டி20 உலகக் கோப்பை ஆட்டம். ஜூன் 9 குரூப் 4 தேர்வு. புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு அரசியல் பேச நேரமில்லை. சிலர் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறினார்கள். “வெறுத்துப் போச்சுண்ணே, இனி ஓட்டே போட மாட்டேன்” என்றவர்களும் உண்டு.

சித்தப்பா, மாமாக்களுக்கு ஒரு வேண்டுகோள். “நாங்க எத்தனை தேர்தல் பார்த்திருக்கோம்” என்று அந்த நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் பார்த்தது ஒன்றுதான். இரண்டு நாள் செய்தியை விட்டு விலகி இருக்கட்டும், தூங்கட்டும். அதன்பிறகு, ஏன் அப்படி ஓட்டுப் போட்டாய் என்று கேளுங்கள். மறுக்காமல் கடைசிவரை கேளுங்கள். வருத்தப்படுகிற பிள்ளை, இந்த நாடு தன்னுடையது என்று நம்புகிற பிள்ளை.

*

வெறும் ஆறுதல் அதிக நாள் தாங்காது. வருத்தத்துக்குப் போக ஒரு இடம் வேண்டும். மேலூர்ப் பக்கம் அந்த இடம் தானாக வந்தது.

2024 நவம்பரில் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் போன செய்தி. அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் நிலையம் வரை கூட்டம் நடந்தே வந்தது. கட்சி பார்த்து யாரும் சேரவில்லை. ஜூனில் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த பையன்களுக்கு அங்கே பக்கத்தில் பக்கத்தில் நடக்க ஒரு காரணம் இருந்தது. ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கிராம சபைக்குத் தனியாகத் தேர்தல் கிடையாது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், உறுப்பினர்தான். ஏப்ரலில் முதல் ஓட்டுப் போட்ட பிள்ளைக்கு நவம்பர் தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் உரிமை அப்படித்தான் வந்தது.