இன்னும் ரெண்டு நெரைதான்

"நேயர்களே, தினமும் அரை மணி நேரமாவது நடங்கள்" என்று காலை நிகழ்ச்சியில் வானொலியில் சொல்பவள் நான். என் வீட்டில் இனிப்பு நீர் உள்ள அம்மாவோ நடப்பதே இல்லை.

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெரை நெரையாக நடந்து பால் வெட்டியவர் அவர். சுங்கை பட்டாணி தாமான் வீட்டுக்கு வந்தபின், தெரு நாய்களுக்குப் பயந்து வாசலைத் தாண்டுவதில்லை.

அதனால் டிரெட்மில் வாங்கினேன். எங்கள் இரண்டு பூனைகளுக்குத்தான் கொண்டாட்டம். பட்டை ஓடினால் போதும், பின்னால் பதுங்கிப் பாயும். மூன்றாம் நாள் குட்டியின் நகம் பட்டையில் மாட்டியது. பதறித் திரும்பிய அம்மா தடுமாறினார். சட்டையில் மாட்டியிருந்த பாதுகாப்புச் சாவி கழன்று இயந்திரம் நின்றதால் இருவரும் தப்பினர்.

பட்டை பின்பக்கம் உள்ளே புகும் இடந்தான் ஆபத்து. 2021இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்தபின், பெலோட்டன் நிறுவனம் ஏறக்குறைய 1,25,000 டிரெட்மில்களைத் திரும்பப் பெற்றது.

அம்மா, "எனக்கு இது வேணாம்மா, பூனைக்கு ஏதாச்சும் ஆயிடும்" என்றார். நான் விடவில்லை. இப்போது முதலில் பூனைகளுக்குச் சாப்பாடு வைத்து அறைக் கதவைச் சாத்துகிறோம். அதன்பின்தான் சுவிட்ச். நடந்து முடிந்ததும் சாவி அலமாரிக்குள்.

இன்று காலையும் கதவுக்குப் பின்னால் இரண்டும் கத்தின. நடந்துகொண்டே அம்மா குரல் கொடுத்தார்: "இருங்கடா, இன்னும் ரெண்டு நெரைதான்!"