ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுக்களை அறிந்த உண்மை. ஆயினும், கணிதத்தில் இப்பழமொழி செல்லாது. அதனை எனக்கு உணர்த்தியது 4,29,49,67,297 என்னும் எண். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி, விடையுடன் ஒன்றைக் கூட்டினால் இவ்வெண் கிடைக்கும். இது ஓர் ஒற்றை எண். இலக்கங்களின் கூடுதல் 59. ஆதலால் மூன்றாலோ ஒன்பதாலோ வகுபடாது. ஈற்றிலக்கம் 7, ஆதலால் ஐந்தாலும் வகுபடாது. ஏழு, பதினொன்று ஆகியவற்றாலும் வகுபடாது. அவ்வாறாயின் இது பகா எண்தானா?

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640ஆம் ஆண்டில் அவ்வாறே கருதினார். 3, 5, 17, 257, 65,537 என்னும் வரிசையை நோக்குங்கள். ஓர் எண்ணில் ஒன்றைக் கழித்து, எஞ்சியதை வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வரும். இவ்வைந்தும் பகா எண்கள். ஆறாவதாக வருவதே நம் எண். அதுவும், அதற்கு அப்பால் வருவனவும் பகா எண்களே என்று அவர் நம்பினார். ஆனால் நிறுவவில்லை.

1732ஆம் ஆண்டில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஆய்லர் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். இவ்வெண் 641ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 67,00,417. எனவே இது இரண்டு பகா எண்களின் பெருக்கலாய் அமைந்த பகு எண். இதன் பகாக் காரணி எதுவாயினும் அதனை 64ஆல் வகுத்தால் மீதி ஒன்றே வரவேண்டும் என்பதையும் அவர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டிவிடும்!

இன்னொரு பண்பும் உண்டு. 65,536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும், 62,264, 20,449 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதே எண் வரும். எந்தப் பகா எண்ணையும் இவ்வாறு இரு வழிகளில் எழுத இயலாது.

நான் 641ஐயும் 67,00,417ஐயும் தாளில் எழுதிப் பெருக்கிப் பார்த்தேன். மூன்றே வரிகளில் விடை வந்தது. ஃபெர்மாவின் புகழோ ஆய்லரின் புகழோ அங்கே தேவைப்படவில்லை. பேரறிஞர் ஒருவரின் சொல்லையும் பள்ளி மாணவர் ஒருவர் சோதித்துப் பார்க்கலாம் என்னும் உரிமையே கணிதம் நமக்கு அளிக்கும் பெருஞ்செல்வம்.

இவ்வரிசையில் 65,537க்குப் பின் ஒரு பகா எண்ணும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆதலால் இனி இல்லவே இல்லை என்று கூறிவிடலாமா? கூடாது. அதற்கும் நிறுவல் வேண்டும்.