மாதா மேல் சத்தியம்

காரைக்காலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலைப் பூசையும் உண்டு, சந்தையும் உண்டு. தேற்றரவு அன்னை ஆலயத்தில் பங்குச்சாமியாரைக் கண்டு "தோத்திரம் சாமி" என்று கைகூப்புகிற அதே வாய், சற்று நேரத்தில் சந்தையில் நின்று, "மாதா மேல சத்தியமா சொல்றேங்க்கா, அசலே கட்டல" என்று சொல்லிவிடுகிறது. பேச்சால் விசுவாசத்துக்குப் பெருமை சேர்ப்பது என்றதும் நமக்கு அந்தத் தோத்திரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெருமையும் சிறுமையும் தீர்மானமாவது சந்தையில்தான் என்பேன். மலைப்பொழிவில் ஆண்டவர் ஆணையே வேண்டாம் என்றார். சத்தியம் செய்தேன், நம்பு என்கிறவன், செய்யாமல் சொன்னதை நம்பாதே என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறான்.

பேரம் என்றால் அப்படித்தான், கேட்பவருக்கும் தெரியும், இதிலென்ன பாவம் என்பார்கள். பேரத்தை நான் குறை சொல்லவில்லை. "அறுபதுக்குக் குறையாது" என்றால் ஐம்பதுக்குப் படியும் என்று இருவருக்குமே தெரியும். மாதா பெயரை இழுப்பது வேறு. வாங்குகிறவர் நம்பினால், அவரை ஏமாற்ற அன்னையைக் கருவியாக்கினோம். நம்பாவிட்டால், அந்தப் பெயரை அத்தனை மலிவாக்கியது நாம்தான். இதில் தப்பிக்க வழி எனக்குத் தெரியவில்லை. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையார் ஆண்டவரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, கோர்ட்டிலும் ஆணையிட மறுத்தார்கள். 1662-இல் அதற்கென்றே சட்டம் போட்டு அவர்களைத் தண்டித்தார்கள். கடையிலும் அவர்கள் ஒரே விலைதான் சொன்னார்கள். சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாறாது என்று பெயர் வந்தபின் வாடிக்கை பெருகியதாக அவர்கள் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் எழுதியிருக்கிறார். நம் கத்தோலிக்கத் திருச்சபை அவ்வளவு தூரம் போகவில்லை; கனமான காரியத்தில் உண்மைக்காக ஆணையிடலாம் என்கிறது. நம் நாட்டின் 1969-ஆம் ஆண்டு ஆணைச் சட்டமும் சாட்சிக்கூண்டில் கடவுள் பெயராலோ, அது இல்லாமலோ உறுதி கூற இடம் தருகிறது. அப்படிப்பட்ட இடத்துக்கென்று இருக்கிற ஆணையைக் கத்தரிக்காய் விற்க எடுக்கலாமா?

நாம் இங்கே சிறுபான்மை, வாயில் ஆண்டவர் பெயர் வராவிட்டால் கிறிஸ்தவர் என்று எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். தோத்திரம் சொல்ல வேண்டாம் என்று யார் சொன்னது? பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதுதான். ஆனால் இது காரைக்கால் அம்மையார் கோயிலும் மஸ்தான் சாகிப் தர்காவும் நம் ஆலயமும் சேர்ந்து இருக்கிற ஊர். பக்கத்துக் கடைக்காரர் நம் செபத்தைக் கேட்பதில்லை. எழுந்து போனவரைப் பற்றி நாம் பேசுவது அவர் காதில் விழுகிறது. பாக்கிக்கு நாம் சொல்லும் தவணையும் விழுகிறது. "வெள்ளிக்கிழமை தர்றேன் பாய்" என்றால் வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். முடியாதென்றால் வியாழக்கிழமையே போய்ச் சொல்லிவிட வேண்டும்.