இடுப்பில் ஒரு துண்டு

2028ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இடம்பெறுவது நம் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய அதே ஒலிம்பிக் கூட்டத்தில் இன்னும் நான்கு விளையாட்டுகளுக்கும் அனுமதி கிடைத்தது. அவற்றில் ஒன்று ஃபிளாக் ஃபுட்பால். பெயரில்தான் ஃபுட்பால். இருபுறமும் கூம்பிய பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டத்தின் சாதுவான வடிவம் இது. பெரிய ஆட்டத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆளை மோதித் தள்ளுவார்கள். இதில் மோதல் கிடையாது. ஒவ்வொருவர் இடுப்பிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நாடாக்கள் தொங்கும். பந்தோடு ஓடுபவரின் நாடாவில் ஒன்றை உருவிவிட்டால் அவர் ஓட்டம் அங்கே நின்றுவிடும். அணிக்கு ஐந்து பேர்.

எனக்கு இதையெல்லாம் சொன்னவர் என் மாப்பிள்ளை. அமெரிக்காவில் பேரன் விளையாடும் அணிக்கு, பிள்ளைகளைப் பெற்றவர்களே முறைபோட்டுப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதில் இவரும் ஒருவர். அவர்களுடைய பள்ளி விடுமுறையும் நம் குற்றாலம் சீசனும் ஒன்றாக வருவதால் ஜூன் கடைசியில் தென்காசி வந்திருந்தார்கள். காலையில் ஐந்தருவிக் குளியல். சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் இந்த ஆட்டம். சாரலில் தரை நசநசவென்று இருந்தது. விழுந்து புரளும் ஆட்டமாக இருந்தால் ஒரு தாயும் பிள்ளையை விட்டிருக்க மாட்டாள்.

கொண்டுவந்த நாடாப் பட்டைகள் நாலே நாலு. மற்றவர்களுக்கு என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, முழ நீளத் துண்டுகளாக அரைஞாணில் செருகிவிட்டோம்.

முதல் பயிற்சிக்குப் பந்தே வேண்டாம். நான்கு மூலையிலும் செருப்பை வைத்துப் பத்தடிக்குப் பத்தடி கட்டம். எல்லோரும் உள்ளே. அவரவர் துண்டைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்தவர் துண்டை உருவ வேண்டும். கையால் மறைக்கக்கூடாது, நிஜ ஆட்டத்திலும் அது குற்றம். உடம்பை வளைத்து நழுவத்தான் வேண்டும்.

இரண்டாவது, ஒருவருக்கு ஒருவர். ஐந்தடி அகலச் சந்து மாதிரி இரண்டு கோடுகள். ஒருவன் ஓடிவர வேண்டும், மற்றவன் மறிக்க வேண்டும். மறிப்பவன் கிட்டே வந்ததும் எட்டைச் சுருக்கி, முழங்காலை மடக்கி, எதிரியின் இடுப்பை மட்டும் பார்க்க வேண்டும். கண்ணும் தோளும் இடப்பக்கம் போவதாகப் போக்குக் காட்டி ஏமாற்றும். இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான்.

மூன்றாவது, பந்து பிடித்தல். நெஞ்சுக்கு மேலே வந்தால் இரண்டு கட்டைவிரலும் சேர வேண்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் இரண்டு சுண்டுவிரலும் சேர வேண்டும். சாரலில் நனைந்த பந்து வழுக்கியதும் நல்லதாகவே போயிற்று. நெஞ்சில் அணைத்துப் பிடிப்பதை விட்டு விரலால் பிடிக்கப் பழகினார்கள். எந்தப் பயிற்சியையும் பத்து நிமிடத்துக்கு மேல் அவர் நீட்டவில்லை.

நான் திண்ணையில் இருந்து கவனித்தது வேறு ஒன்று. துண்டு பறிபோன பிள்ளை வெளியே போய் உட்காரவில்லை. எடுத்துச் செருகிக்கொண்டு அடுத்த நொடியே உள்ளே இறங்கியது.

பாண்டிச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'பெரே' என்று ஒரு ஆட்டம் உண்டு. இரண்டு வரிசை, நடுவில் ஒரு துணி. ஆசிரியர் ஒரு எண்ணைச் சொன்னால் அந்த எண்ணுக்குரிய இருவர் ஓடிவந்து, தொடுபடாமல் துணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நம் பள்ளிகளில் 'நாயும் எலும்பும்' என்று விளையாடியதும் இதுதான். நல்ல ஆட்டம்தான். ஆனால் இருவர் ஓடினால் இருபது பேர் நின்று பார்ப்பார்கள். முதலில் அவுட்டாகிறவனை உட்கார வைக்கும் ஆட்டங்கள் இன்னும் மோசம். யாருக்கு அதிகப் பழக்கம் தேவையோ அவனுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது. சடுகுடுவிலாவது நம் அணி புள்ளி எடுத்தால் வெளியே போனவன் உயிர் பெற்று உள்ளே வரலாம்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பையன். போன வருஷம் சடுகுடு பழகப்போய்க் கை எலும்பு முறிந்தவன். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் வராமல், மதில் ஓரமாக நின்று பார்ப்பான். அவன் அம்மா என்னிடம் வந்து, "விழ மாட்டான்லா தாத்தா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்பினாள். முதல் நாள் அவன் துண்டு எத்தனை தடவை பறிபோயிற்றென்று எண்ணி முடியாது. மூன்றாம் நாள் என் பேரனின் இரண்டு நாடாவையும் அவன் கையில் பார்த்தேன்.

ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் நண்பர் ஒருவர், காலையில் பிள்ளைகளுக்குச் சும்மாவே கபடி சொல்லித் தருபவர், வேடிக்கை பார்க்க வந்தார். "எல்லாஞ் சரிதான் அண்ணாச்சி, மண்ணுல விழாம என்ன ஆட்டம்? நம்ம மணத்தி கணேசன் ரிப்பனை உருவியா ஹிரோஷிமாவுல தங்கம் வாங்குனாரு?" என்றார்.

நியாயமான கேள்விதான். 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றவர் நம் பக்கத்துக்காரர். விழுந்து எழாமல் அந்த இடத்துக்குப் போக முடியாது. நான் சொன்னது இவ்வளவுதான்: "விழுறதுக்குத் துணிஞ்ச பயலுக்கு நீங்க சொல்லிக் குடுக்கீங்க. பயந்து மதிலோரம் நிக்கிற பயலுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுபடியும் பையன்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "அந்த எட்டைச் சுருக்குறது நல்லாருக்கு. ரெய்டு வாரவனை மறிக்கவும் அதுதான் வேணும்" என்றார்.

மாப்பிள்ளை குடும்பம் ஆகஸ்டில் ஊர் திரும்பியது. பந்தும் அவர்களோடு போய்விட்டது. முதல் இரண்டு பயிற்சிக்குப் பந்து தேவையில்லை என்பதால் பிள்ளைகள் நிறுத்தவில்லை. டிரில் மாஸ்டரும் புதிதாக வருகிற பிள்ளைகளை முதல் பதினைந்து நாள் துண்டு செருகித்தான் ஓடவிடுகிறார். போன வாரம் வீட்டுக்கு வந்து இன்னொரு பழைய வேட்டி கேட்டார்; கொடுத்தேன். கை முறிந்த பையனைக் கபடிக்கு அனுப்ப அவன் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. துண்டு ஆட்டத்துக்கு மட்டும் தினமும் வருகிறான்.