தோ பாயோ போகிறீர்களா?

சிங்கப்பூரின் தோ பாயோவுக்குப் 'பெரிய சதுப்பு' என்று பொருள். இன்றோ எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். லோரோங் 8-இல் வைரவிமட காளியம்மனைக் கும்பிட்டுவிட்டு ரயிலேறினால், சிறிது நேரத்தில் லிட்டில் இந்தியா. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. அங்கே வேலைக்குப் போய், அறைக்குள் குடிக்கிற நம் தம்பியை எந்தச் சட்டம் தடுக்கும்?

அவனை 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கியது, சிங்கப்பூரிலும் நடக்கிறது. கட்டணமில்லை, முழுப்பெயர் வேண்டாம். குடியை விடும் விருப்பம் போதும். பேசக் கூசினால் கேட்டுக்கொண்டிருக்கலாம். (நம் கள்ளுக்கடைத் தலைமுறைக்கு இது கிடைத்திருந்தால்!) 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தாரும் உட்காரலாம். இடமும் நேரமும் மாறுவதுண்டு. தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.