வேல்ஸ் வரை ஒரு பயணம்: சில முன்னேற்பாடுகள்

மே மாதத்துப் பள்ளிக்கூட இடைவிடுமுறையில் காரில் வேல்ஸுக்குப் போவதென்று முடிவெடுத்திருக்கிறோம். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். எங்களுக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் சாமத்தியவீடு, கலியாணம் என்று பாரிசுக்கும் சுவிசுக்கும் காரிலேயே போய், விடிய வந்து வேலைக்கும் நிற்கிறவர்கள். அவர்களுக்கு 200 மைல் ஒரு தூரமே அல்ல. எங்களுக்கு இதுதான் முதல் தடவை. இங்கு வந்து பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகியும் எங்கள் லண்டன் ஈஸ்ட்ஹாம் ஹைஸ்ட்றீட்டில் தொடங்கி, கொத்துரொட்டி போடும் கடையின் பின்கதவோடு முடிந்துவிடுகிறது. கோடையில் ஒருமுறை சவுத்தெண்ட் கடற்கரை. அதுவும் கோச்சியில்.

கார் ஓடப் பழகியது தனிக்கதை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். வழக்கு ஏழு வருடம் இழுபட்டது. இந்த நாட்டில் இருக்க அனுமதி இருந்தால்தான் பழகுநர் லைசென்சே தருவார்கள். எங்களுக்கு முன்னே வந்த அண்ணைமார் எழுத்துச் சோதனையின் கேள்விகளைத் தமிழிலேயே காதில் கேட்டு விடையளித்தார்கள். 2014 ஏப்ரல் 7இலிருந்து அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். இப்போது குரலுதவி ஆங்கிலத்திலும் வெல்ஷிலும் மட்டுந்தான். 50 கேள்வியில் 43 சரியாக வரவேண்டும். பிறகு 14 வீடியோத் துண்டுகள் காட்டுவார்கள். வீதியில் ஆபத்து உருவாகத் தொடங்குவதைக் கண்டவுடன் அமத்தவேண்டும். அந்த நேரம் வருமுன்னரே அமத்தினால் புள்ளி இல்லை. எங்கள் ஆட்களுக்கு அதிலேதான் சிக்கல் என்று றைவிங் பழக்கிய அண்ணை சொல்லிச் சிரிப்பார். தெருமுனையில் ஒருவர் சும்மா நின்றாலே எங்களுக்கு விரல் போய்விடும்.

கார் இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பழைய டொயோட்டா. 2023 ஓகஸ்ட் 29இலிருந்து லண்டன் முழுவதுக்கும் புகைக்கட்டுப்பாட்டு வலயம் வந்துவிட்டது. விதிக்கு ஒத்துவராத காரென்றால் நாளொன்றுக்கு 12.50 பவுண். அதனால் விலையைக் கேட்க முதல் அதைத்தான் பார்த்தோம். பிள்ளைகளுக்கு இரண்டு இருக்கைகளும் வாங்கியாயிற்று. 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை அது கட்டாயம். எட்டு வயது மகளுக்கு அது பெரிய அவமானம்.

பாதை மனப்பாடம். நோர்த் சேர்க்குலர் வழியாகச் சிசிக், அங்கிருந்து எம்4. ரெடிங், சுவின்டன், பிறகு செவேர்ண் ஆற்றின் மேலே 1996இல் திறந்த புதிய பாலம். நீளம் 5 கிலோமீற்றர். 2018 டிசம்பரிலிருந்து அதற்குக் காசு இல்லை. நியூபோர்ட், கார்டிஃப், சுவான்சீ எல்லாம் கடந்து பொன்ற் ஏபிரகாமில் மோட்டர்வே முடியும். அதற்கப்பால் சிறிய வீதிகள். வேல்ஸில் 2023 செப்டெம்பர் 17இலிருந்து வீடுகள் உள்ள வீதிகளில் பொதுவாக 20 மைல் வேகந்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தூரத்தைவிட இது கொஞ்சம் குறைவு. அந்தப் பாதை இளமைக்காலத்தில் எங்களுக்கு ஒழுங்காகத் திறந்து கிடந்ததில்லை.

சரியாகச் சொன்னால் நாங்கள் குடும்பமாகத் தூரப் பயணம் போகாதவர்கள் அல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது எங்களுக்கு ஆறு வயது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் சனத்தின் கால்களுக்கிடையில் நின்றது நினைவிருக்கிறது. முகங்கள் நினைவில்லை, கால்கள்தான். அப்பாவின் சைக்கிளில் அரிசி மூட்டையும் அம்மம்மாவும். சைக்கிளை யாரும் ஓடவில்லை, உருட்டினார்கள். பிள்ளைகளின் அம்மாவுக்குக் கிளிநொச்சி. 2008 கடைசியில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியவர்கள், 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். சாதாரண நாளில் கார் ஓடினால் ஒரு மணித்தியாலமளவு தூரம் அது. பிறகு நாங்கள் தனித்தனியாக இங்கு வந்த பயணங்கள். லொறியின் பின்பக்கத்தில், எந்த நாட்டு வீதியென்று தெரியாமல், இரவிலா பகலிலா என்றும் தெரியாமல். அந்தப் பயணத்தில் எங்கள் வேலை இருமாமல் இருப்பது மட்டும்.

ஆகவே பொதி கட்டத் தொடங்கியபோதுதான் பிரச்சினை வந்தது. நாங்கள் எழுதிய பட்டியலில் முதலாவது ரயர் காற்று, எண்ணெய், கண்ணாடி கழுவும் தண்ணீர். பிள்ளைகளின் அம்மாவின் பட்டியலில் முதலாவது ஃபைல். பயணப் பத்திரங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், பழைய வழக்குக் கடிதங்கள், ஊரிலிருந்து தப்பி வந்த ஓ.எல். பெறுபேற்றுத் தாள். இரண்டு இரவுப் பயணத்துக்கு ஏனம்மா இதெல்லாம் என்றால், "வீடு எரிஞ்சா?" என்று கேட்டார். வேல்ஸுக்குப் போக பாஸ்போட் வேண்டுமா என்று மகள் கேட்டாள். தேவையில்லை, அதுவும் இந்த நாடுதான் என்றோம். "அப்ப அம்மா ஏன் கொண்டு வாறா?" அதற்கு இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை. எங்கள் வதிவிட அட்டையும் 2024 முடிவோடு காலாவதியாகி, உரிமையெல்லாம் இணையத்துக்குள் போய்விட்டது. கையில் பிடித்துக் காட்ட ஒரு மட்டைகூட இல்லாததை அவரால் தாங்க முடியவில்லை. இணையப் பக்கத்தை நூலகத்தில் அச்செடுத்து, பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறார். வழியில் எந்தச் சோதனைச்சாவடியும் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஃபைல் காரின் பின்பெட்டிக்குள் போவதா, அவருடைய காலடியில் இருப்பதா என்பதுதான் இப்போதைய வழக்கு.

போகிற இடத்தை இன்னும் சொல்லவில்லை. கார்மார்தன் பக்கம், லான்பும்செயின்ற் என்ற ஊரில் உள்ள ஸ்கந்தவேல். லண்டன் தமிழர் வாயில் அது வேல்ஸ் முருகன் கோயில். இலங்கையில் பிறந்த குரு சுப்பிரமணியம் 1973இல் தொடங்கிய ஆச்சிரமம். முருகன், மகாசக்தி, ரங்கநாதர் என்று மூன்று கோயில்கள். 'வேல்' என்பது ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு. எங்கள் சனம் அதை முருகன் கையில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. 2007இல் அங்கிருந்த சம்போ என்ற காளைக்குக் காசநோய் என்று அரசாங்கம் சொல்ல, ஆச்சிரமத்தார் அதைக் காப்பாற்ற நீதிமன்றம்வரை போனார்கள். ஜூலை மாதம் அதைக் கொன்றேவிட்டார்கள். நாடே பேசிய செய்தி. அந்த ஜூலையில் நாங்கள் ஏ9 பூட்டிக்கிடந்த யாழ்ப்பாணத்தில், கொழும்புக்குப் போக இராணுவத்திடம் அனுமதி கேட்டு வரிசையில் நின்ற சனத்தோடு இருந்தோம். ஒரு மாட்டின் உயிருக்காக வழக்கறிஞர்கள் வாதாடும் நாடொன்று இருப்பதாக அப்போது யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

உண்மையில் பிள்ளைகள் கேட்டது கடல். கோயிலாக மாறியதற்குக் காரணம் மாதம். "மே மாதத்திலையோ உல்லாசப் பயணம்?" என்று பிள்ளைகளின் அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஒவ்வொரு மே 18உம் அவர் சமைப்பதில்லை, கஞ்சி மட்டும். அவருடைய தம்பியைக் கடைசியாகக் கண்டது 2009 மே மாதத்தில்தான். பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் குந்தத் தொடங்கியபோது மாமியும் படத்தோடு போய் இருந்தவர். ஆகவே கோயிலுக்கு என்றால் போகலாம் என்றானது. அங்கேயும் ஒரு கேள்வி. தம்பிக்கு விளக்கேற்றுவதா, அர்ச்சனை செய்வதா? விளக்கேற்றினால் அவன் இல்லை என்று நாங்களே சொன்னதாகிவிடும். பதினாறு வருடமாக எந்த அலுவலகமும் சொல்லாத ஒன்றை நாங்கள் ஏன் சொல்லவேண்டும்? போனில் மாமியிடம் கேட்டார். மாமி யோசிக்கவேயில்லை. "விளக்கு வேண்டாம். பேரும் நட்சத்திரமும் சொல்லு. சித்திரை நட்சத்திரம், மறந்திடாதை."

அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் மூன்று நாள் முன்னரே மச்சம், முட்டை, குடி எல்லாம் விடவேண்டும். வீட்டில் பிரச்சினையில்லை. கடையில் நாங்கள் நாள் முழுக்கக் கோழியும் ஆட்டிறைச்சியும் வெட்டுகிறவர்கள். வெட்டுவது தின்பதாகாது என்று வாதிட்டுப் பார்த்தோம். சரி, உப்புப் புளி பார்ப்பது? ஒரு கரண்டி குழம்பு நாக்கில் பட்டால் அது என்ன கணக்கு? கடைசியில் பாத்திரம் கழுவ வந்திருக்கும் புதுத் தம்பி மூன்று நாளைக்கு உப்புப் பார்த்துத்தர ஒத்துக்கொண்டான். மன்னார்ப் பெடியன், கத்தோலிக்கன், முருகனோடு அவனுக்குக் கணக்கு வழக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு உறைப்புக் கூடப் பிடிக்கும் என்பதால், வாடிக்கையாளர்கள் பாடு என்னவாகுமோ தெரியாது. முதலாளி இரண்டு நாள் லீவு தந்திருக்கிறார். மூன்றாவது நாளுக்குச் சம்பளம் வெட்டு.

மகள் யூரியூப்பில் பார்த்து வெல்ஷ் படிக்கிறாள். அங்கே வீதியில் ஆங்கிலத்தோடு 'அரவ்' என்றும் எழுதியிருக்குமாம், மெதுவாக என்று பொருள். ஊர்ப்பெயர்ப் பலகையெல்லாம் இரண்டு மொழியில். கார்மார்தனுக்குக் கயர்வர்தின் என்று வேறு பெயர். 2021 கணக்கெடுப்பின்படி அந்த மொழி பேசுகிறவர்கள் வேல்ஸில் 5 லட்சத்து 38 ஆயிரமளவுதான். அவ்வளவு பேருக்காகத் தார்வீதியில் வெள்ளை மையால் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுடைய நாட்டில் 1956இல் ஒரு சட்டம் போட்டு, மொழிக்காக அடிபட்டு, 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று ஏட்டில் எழுதிய பிறகும், பலகைகளில் எங்கள் எழுத்து பிழை பிழையாகத்தான் வந்தது. வெல்ஷ்காரருக்கும் அந்த எழுத்து சும்மா கிடைக்கவில்லை. ஆங்கிலப் பலகைகளுக்கு மை பூசி மறியலுக்குப் போன இளைஞர்கள் அங்கேயும் இருந்தார்கள். மகளுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. போய்ப் பார்க்கட்டும், கேட்டால் சொல்லலாம்.

ஞாயிறு விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுவதாக ஏற்பாடு. இடியப்பமும் சம்பலும் கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணீர். கார் நின்றுவிட்டால் வந்து பார்க்க ஆள் வேண்டுமென்று காப்புறுதியில் அதற்கும் சேர்த்துக் கட்டியாயிற்று. கார்மார்தனில் ஒரு சிறு விடுதியில் இரண்டு இரவு. தேசிக்காய் நாலு வாங்கவேண்டும், ரயருக்கு வைக்க. சின்னவன் ஸ்பெயார் ரயருக்கும் வேண்டுமென்று நிற்கிறான்.

நேற்று மாமி திரும்ப போன் எடுத்தார். நட்சத்திரத்தை இன்னொரு முறை சொன்னார். பாதையைக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார், மழை பெய்யுமா என்று கேட்டார். பிறகு, "எப்ப திரும்பி வருவியள்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை இரவு என்று சொன்னோம்.