நிறைந்துவிட்ட குறிப்பேடு

மறதி மனிதனோடு பிறந்தது. அதற்கு மாற்றாக அவன் கண்ட எளிய கருவி, குறித்து வைத்தல். ஓலையிலும் தாளிலும் நாட்காட்டியின் ஓரத்திலும் வீட்டுச் சுவரிலும் நம் முன்னோர் குறித்து வைத்தனர். பால் கணக்கும் பிள்ளை பிறந்த நேரமும் ஒரே சுவரில் அருகருகே எழுதப்பட்டிருந்த இல்லங்களை நம்மில் மூத்தோர் பலர் கண்டிருப்பர். இன்று அந்தச் சுவரின் இடத்தைக் கைபேசி பெற்றுவிட்டது. அதிலுள்ள குறிப்பேட்டுச் செயலியில் எழுதுகிறோம், படம் பிடித்துச் சேர்க்கிறோம், பேசியும் பதிகிறோம். அவ்வாறு பதிந்தவை நம் கைபேசியோடு நில்லாமல், தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினிகளிலும் சென்று தங்குகின்றன. வேறொரு கருவியைத் திறந்தாலும் அவை அங்கே நமக்காகக் காத்திருக்கின்றன.

இந்த வசதிக்குப் பழகிவிட்ட பின்னர், ஒருநாள் “இடம் நிறைந்துவிட்டது” என்னும் அறிவிப்பு வந்து நிற்கிறது. சென்ற ஆண்டு எனக்கும் வந்தது. செயலியின் பெயர் இங்கே தேவையில்லை. ஒன்பது ஆண்டுகளாக அதில் சேர்ந்தவை பலவகைப்பட்டன: மறையுரைக்கான குறிப்புகள், படித்த நூல்களின் சாரம், மின் கட்டணச் சீட்டுகள், கட்டட வேலைக்கான கணக்கு, மறைந்த என் தாயாரின் குரல். இவை எல்லாவற்றையும் அந்த அறிவிப்பு ஒரே நிறையில் வைத்துப் பேசிற்று. இயந்திரத்திற்குச் சிமெண்ட் கணக்கும் தாயின் குரலும் ஒன்றுதான். வேறுபாடு காண்பது நம் பொறுப்பு.

அன்பு வாசகரே, இத்தகைய அறிவிப்பைக் கண்டதும் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அழிக்கத் தொடங்குவோர் உளர். முதலில் எந்த எல்லை நிறைந்தது என்று அறிதல் வேண்டும்; எல்லைகள் பலவகை. ஒன்று, மொத்த இடத்தின் எல்லை. கூகுள் நிறுவனம் 2013-ஆம் ஆண்டில் அஞ்சல், கோப்புகள், படங்கள் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக 15 ஜிகாபைட் இடத்தை இலவசமாக ஒதுக்கியது. இவ்வகையில், அஞ்சலோடு வந்த பெரிய படம் ஒன்றை நீக்கினாலும் குறிப்புக்கு இடம் கிடைக்கும். இரண்டாவது, மாதந்தோறும் ஏற்றக்கூடிய அளவின் எல்லை. 2008-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு அறிமுகமான எவர்நோட் என்னும் செயலி, இலவசமாகப் பயன்படுத்துவோர்க்கு நெடுங்காலம் மாதம் 60 மெகாபைட் அளித்தது. இங்கே பழையவற்றை அழிப்பதால் பயனில்லை. அடுத்த மாதம் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது, எண்ணிக்கையின் எல்லை. அதே செயலி 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புகள், ஒரு குறிப்பேடு என்று வரையறுத்தது. முன்னரே அதற்கு மேல் வைத்திருந்தோர் அவற்றைப் படிக்கவும் திருத்தவும் வெளியே எடுக்கவும் முடிந்தது. புதியன சேர்க்க மட்டும் இயலவில்லை. இத்தகைய இடத்தில் பத்துச் சிறு குறிப்புகளை ஒன்றாக இணைத்தாலே ஒன்பது இடங்கள் கிடைத்துவிடும்.

இந்நிறுவனங்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நம் குறிப்புகளைத் தாங்கும் கணினிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும், குளிர்ச்சி வேண்டும், காவல் வேண்டும். ஒரு கணினி பழுதுபட்டாலும் நம் எழுத்து அழியாதிருக்க வேறிடத்திலும் படி வைக்க வேண்டும். இலவசம் என்று நாம் சொல்வதற்கும் எவரோ ஒருவர் விலை கொடுக்கிறார். இயன்றோர் சந்தா செலுத்தி இடம் பெறுவது நேரிய வழியே. ஆயினும், செலுத்தும் ஆற்றல் என்றும் இருக்கும் என்று எண்ணி நம் நினைவுகளை அடகு வைத்தலாகாது.

அடுத்து, எது எவ்வளவு இடம் கொள்கிறது என்பதை அறிய வேண்டும். கணினிகளில் பெரும்பாலும் வழங்கும் முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளியும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படுகின்றன. ஆகவே ‘அம்மா’ என்னும் சொல்லுக்கு 15 பைட் ஆகிறது. இதைக் கேட்டுத் தமிழ் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதாக அஞ்ச வேண்டா. 250 சொற்கள் கொண்ட ஒரு பக்கம் ஏறத்தாழ 7 கிலோபைட் அளவே வரும். கைபேசியில் எடுக்கும் ஒரு படமோ 3 மெகாபைட் கொள்ளும். அந்த இடத்தில் 400 பக்கங்களுக்கு மேல் எழுதலாம். நடுத்தரமான தெளிவில் பதிந்த குரல் நிமிடத்திற்கு ஒரு மெகாபைட் அளவாகும். எனவே, எழுத்தை அழித்து இடம் தேடுவது, பத்தாயத்தில் இடமில்லை என்று ஒரு பிடி நெல்லை அள்ளி எறிவது போன்றது. இடத்தை அடைத்திருப்பவை பெரும்பாலும் படங்களே.

என் குறிப்பேட்டிலும் அவ்வாறே இருந்தது. என் தாயார் மறைவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவர் பேசியதை 11 முறை பதிந்து வைத்திருந்தேன். குளம் வற்றிய கோடையில் தண்ணீர் சுமந்த கதை, உறவினரை முறை சொல்லி வரிசைப்படுத்தியது, புளிக்குழம்பின் பக்குவம் ஆகியவை அவற்றில் உள்ளன. பக்குவம் சொல்லி வரும்போதே இடையில் நிறுத்தி, “நீ சாப்பிட்டியா, ராசா?” என்று கேட்கிறார். எல்லாம் சேர்ந்து 70 நிமிடங்கள். ஏறத்தாழ 70 மெகாபைட். அதே ஆண்டுகளில் என் தங்கை எடுத்து அனுப்பிய மருந்துச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், மருத்துவமனை ரசீதுகள் ஆகியவற்றின் படங்கள் 340. அவை ஒரு ஜிகாபைட்டுக்கும் மேல் இருந்தன. தாயின் குரலைக் காட்டிலும் அவருடைய நோய் பதினான்கு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடித்திருந்தது.

அப்படங்களை அழிக்கலாம் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் உடன்படவில்லை. “அண்ணா, இந்தச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டுதானே நான் இரண்டு வருடம் அலைந்தேன். இவையும் போய்விட்டால் அம்மாவுக்கு நான் என்ன செய்தேன் என்பதற்கு அடையாளம் ஏது?” என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கு அவை தீர்ந்துபோன கணக்கு. அவளுக்கோ அவை ஓர் ஊழியத்தின் சான்று. இடத்தின் அளவை மட்டும் நோக்கி இதற்கு முடிவு கூற இயலாது.

ஒரு மாலை முழுவதும் இருவரும் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தாயாருக்கு இருந்த நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் எந்த வயதில் வெளிப்பட்டன, எந்த மருந்து ஒவ்வாமல் போயிற்று என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதினோம். நீரிழிவு குடும்ப வழியாகத் தொடர வாய்ப்புள்ள நோயாதலால், அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளுக்கு நாளை பயன்படும். நோயைத் தெளிவாகக் காட்டும் முடிவுகள் ஆறினை வைத்துக்கொண்டோம். அவற்றோடு, மருந்துச் சீட்டின் ஓரத்தில் தங்கை தன் கையால் “காலை, மதியம், இரவு” என்று எழுதியிருந்த படம் ஒன்றையும் வைத்தோம். எஞ்சியவற்றை அவளே அழித்தாள். அழிக்கும்போது அவள் பேசினாள். எந்தச் சீட்டு எந்த மழைநாளில் வாங்கியது, எந்த வரிசையில் எத்தனை மணி நேரம் நின்றாள் என்பதையெல்லாம் சொன்னாள். அதுவரை நான் கேட்டறியாத செய்திகள் அவை. அந்த 340 படங்களில் எதிலும் அவை இல்லை.

பின்னர் குரலைப் பற்றி நினைத்தோம். ஒரே இடத்தில் இருக்கும் ஒன்று பாதுகாப்பாக இருப்பதாகக் கொள்ளலாகாது. பல கருவிகளில் ஒரே குறிப்புத் தெரிவதைக் கண்டு பல படிகள் உள்ளனவாகச் சிலர் கருதுகின்றனர். அது படியன்று; ஒன்றின் நிழலே. ஒரு கருவியில் அழித்தால் மற்றவற்றிலும் அழிந்துபோகும். ஆகவே அப்பதினொன்றையும் செயலியிலிருந்து வெளியே எடுத்து, என் கணினியில் ஒரு படியும், தங்கை வீட்டில் தனி வன்தட்டு ஒன்றில் மற்றொரு படியும் வைத்தோம். மூன்று படிகள், இரு வேறு வகைக் கருவிகள், ஒன்றேனும் வேறு ஊரில் என்பது இத்துறையினர் கூறும் நல்ல நெறி.

நிலைத்திருப்பவை படியெடுக்கப்பட்டவையே என்பதற்கு நம் வரலாறே சான்று. புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு தொடங்கி 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வருகையும் துணி வியாபாரமும் போர்ச் செய்தியும் வீட்டு நிகழ்ச்சியும் அதில் கலந்துள்ளன. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1846-ஆம் ஆண்டில் அது கண்டறியப்பட்டுப் படியெடுக்கப்பட்டது. அதனால் இன்று நாம் அதைப் படிக்கிறோம். ஓலைச்சுவடிகளின் கதையும் இதுவே. செல்லரிக்கும் முன்னர் எவரேனும் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் எழுதியவை பிழைத்தன, மற்றவை மறைந்தன.

ஆயினும் எல்லாமே நிலைக்க வேண்டியவை அல்ல. என் பணியின் காரணமாக நோயுற்றோரின் பெயர், மருத்துவமனை அறை எண், வேலை இழந்த ஒருவரின் தேவை முதலியவற்றைக் குறித்துக்கொள்ள நேர்கிறது. உதவி சென்று சேர்ந்தவுடன் அக்குறிப்பை அழித்துவிடுவது என் வழக்கம். பிறர் நம்மை நம்பிச் சொன்ன துயரம், நாமறியாத நாட்டிலுள்ள கணினியில் ஆண்டுக்கணக்காகத் தங்குவது முறையன்று. இல்லத்தாரும் கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் ஆதார் அட்டையின் படத்தையும் சாதாரணக் குறிப்புகளில் வைத்தலைத் தவிர்ப்பது நன்று. இங்கே அழித்தலும் ஒருவகைக் காவலே.

ஆகவே, வாசக அன்பர்களே, இடம் நிறையும் நாள்வரை காத்திராமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உங்கள் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். பெரிய கோப்புகளை முதலில் நோக்குங்கள். குப்பைத்தொட்டியில் இட்டவையும் பல செயலிகளில் இடத்தை அடைத்திருக்கும் என்பதை மறவாதீர்கள். மீண்டும் கிடைக்கக்கூடியவற்றை விடுங்கள். மீண்டும் கிடைக்காதவற்றுக்குப் படியெடுங்கள். இவற்றைத் தனியே செய்யாமல் வீட்டாரோடு அமர்ந்து செய்யுங்கள். எது யாருக்கு அருமையானது என்பதை ஒருவரே அறிந்துவிட முடியாது. முதியோர் இல்லத்தில் இருந்தால் இன்றே அருகில் அமர்ந்து அவர்கள் பேசுவதைப் பதிந்துகொள்ளுங்கள். பத்து நிமிடப் பேச்சுக்குப் பத்து மெகாபைட் போதும்; நான்கு படங்களை நீக்கினால் அந்த இடம் கிடைத்துவிடும்.